வெளிநாட்டில் மறுவாழ்வுச் சிகிச்சை வேலை, ஊரில் வீடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நான் தென்காசிப் பக்கத்துக்காரி, பிசியோதெரபிஸ்ட். ஷார்ஜாவில் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஒன்பது வருஷமாக வேலை. மாற்றுத்திறனாளிக் குழந்தைகள், பக்கவாதம் வந்தவர்கள், முதுகுத்தண்டில் அடிபட்டவர்கள் என்று எல்லாரும் வருவார்கள். ஊருக்குப் போனால் கல்யாணப் பந்தியில்கூட யாராவது ஒரு அம்மா "எம் மவளும் பிசியோதான் படிக்கா" என்று ஆரம்பித்துவிடுவார். ஜூனியர் பிள்ளைகள் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜ் தனிக்கணக்கு. சொன்னதையே சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன்.

கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். விதிகள் ஐக்கிய அரபு அமீரகத்துக்கானவை. வேறு நாடு வரும் இடத்தில் பெயர் சொல்லியிருக்கிறேன். விண்ணப்பக் கட்டணங்கள் அடிக்கடி மாறும் என்பதால் அவற்றை எழுதவில்லை.

அக்கா, பிபிடி முடிச்ச கையோட துபாய் வந்துரலாமா?

நாலு வருஷப் பிசியோதெரபிப் படிப்பும் இன்டர்ன்ஷிப்பும் முடித்துப் பட்டம் கையில் வந்தவுடன் கிளம்ப நினைப்பது இயல்புதான். ஆனால் உரிமம் கொடுக்கிறவர்கள் வேலை அனுபவம் கேட்பார்கள். எத்தனை வருஷம் என்பதை அந்தந்த அமைப்பின் தகுதி விதிகளில் நீங்கள் விண்ணப்பிக்கிற தேதிக்குப் பாருங்கள். சீனியர் சொன்னதை நம்பாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான்.

விதியை விடுங்கள். இங்கே வந்து முதல் நாளே பக்கவாத நோயாளியைக் கட்டிலில் இருந்து வீல்சேருக்கு மாற்றச் சொல்வார்கள். பக்கத்தில் நின்று கையைப் பிடித்துச் சொல்லித்தர ஒரு சீனியர் இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. அரசு ஆஸ்பத்திரியிலோ கூட்டம் அதிகமுள்ள மறுவாழ்வு மையத்திலோ இரண்டு வருஷம் இருந்துவிட்டு வாருங்கள். அந்தக் கூட்டத்தில் கற்றது எனக்கு இன்னும் சோறு போடுகிறது.

டேட்டாஃப்ளோ, ப்ரோமெட்ரிக்னு சொல்லுதாங்க. எது முதல்ல? ஒண்ணும் புரியல.

முதலில் எந்த எமிரேட் என்று முடிவு செய்யுங்கள். துபாய்க்கு துபாய் சுகாதார ஆணையம், அபுதாபிக்கு அங்குள்ள சுகாதாரத் துறை, ஷார்ஜா, அஜ்மான் முதலான மற்ற எமிரேட்களுக்கு மத்திய சுகாதார அமைச்சகம் என்று மூன்று கதவுகள். ஒன்றில் வாங்கிய உரிமத்தை வைத்துக்கொண்டு மற்றதில் அப்படியே நுழைய முடியாது. மாற்றிக்கொள்ள வழி உண்டு, அதற்குத் தனி விண்ணப்பம்.

டேட்டாஃப்ளோ என்பது உங்கள் சான்றிதழ்கள் உண்மையா என்று அவற்றைக் கொடுத்த இடத்திலேயே கேட்டுப் பார்க்கிற வேலை. பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போகும், நீங்கள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கும் போகும். பெரும்பாலும் தாமதம் இங்கேதான். "அந்தப் பொண்ணா, நம்மகிட்டதான் இருந்துச்சு" என்று சொல்ல ஆள் இருக்கும், கடிதத்துக்குப் பதில் போட ஆள் இருக்காது. ஆகவே வேலையை விடும்போதே அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விட்ட தேதி, பதவிப் பெயர், பொறுப்பாளர் கையெழுத்து, வேலை செய்கிற ஒரு மின்னஞ்சல் முகவரி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நன்னடத்தைச் சான்றும் கேட்பார்கள். தேர்வு கணினியில் எழுதுவது. துபாய்க்கு அதை நடத்துவது ப்ரோமெட்ரிக் நிறுவனம், சென்னையிலேயே எழுதலாம். இவையெல்லாம் முடிந்து வருகிற தகுதிக் கடிதத்தை உரிமம் என்று நினைத்து இனிப்பு வழங்கிவிடாதீர்கள். வேலை கொடுக்கிற மையம் உங்களைத் தன் பெயரில் பதிந்த பிறகுதான் நோயாளியைத் தொடலாம்.

பட்டச் சான்றிதழை மாநில அரசு, தில்லி வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம் என்ற வரிசையில் அட்டெஸ்ட் (சான்றொப்பம்) செய்ய வேண்டும். அதே கையோடு திருமணச் சான்றிதழ், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் இரண்டையும் முடித்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யாமல் ஒரு விடுமுறையையே தொலைத்தேன்.

நான் பிசியோ இல்ல, செயற்கைக் கால் செய்யிற பி அண்ட் ஓ படிச்சேன். எனக்கும் இதேதானா?

டேட்டாஃப்ளோவும் உரிமமும் உங்களுக்கும் உண்டு. ஊரில்தான் வேறுபாடு. செயற்கை உறுப்பு, காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) துறை, பேச்சுப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவை 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் கீழ் வருகின்றன. அந்தப் பதிவைக் காலாவதி ஆகவிடாதீர்கள். பிசியோவும், அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபியும் 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வருகின்றன. ஆக்குபேஷனல் தெரபி படிக்கப் போகிறவர்கள், அந்தக் கல்லூரிப் படிப்புக்கு உலக ஆக்குபேஷனல் தெரபி கூட்டமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று சேருமுன்பே கேளுங்கள். பின்னால் வேறு நாட்டுக்குப் போக நினைக்கும்போது அது உதவும்.

ஏஜென்ட் ரெண்டு லட்சம் கேக்காரு. குடுக்கலாமா?

கூடாது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பதிவு பெற்றவரா என்பதை இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்கலாம். அமீரகச் சட்டப்படி ஆளெடுக்கிற செலவு முதலாளியுடையது, உங்கள் தலையில் கட்டக் கூடாது. தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இருக்கிறது. அங்கே பதிந்து வைப்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை.

"விசிட் விசாவில் வா, வந்து பார்த்துக்கலாம்" என்பவரிடம், உரிமம் இல்லாமல் என்ன வேலை பார்ப்பது என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

பிசியோன்னு கூட்டிட்டுப் போயி மசாஜ் சென்டர்ல விட்டுருவாங்களாமே? (ஒரு தகப்பனார் கேட்டது)

பயம் நியாயமானதுதான், அவரை நான் சிரித்து அனுப்பவில்லை. மேலே சொன்ன வழியில், உரிமத் தகுதி வாங்கிக்கொண்டு வருகிற பெண்ணுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. உரிமம் வேண்டாம் என்று சொல்கிற இடத்தில்தான் யோசிக்க வேண்டும். விசாவிலும் வேலை ஒப்பந்தத்திலும் பதவிப் பெயர் பிசியோதெரபிஸ்ட் என்று இருக்கிறதா பாருங்கள். அமீரக மனிதவள அமைச்சகத்தின் ஆஃபர் கடிதத்தை அரபி, ஆங்கிலத்தோடு தமிழிலும் கேட்டு வாங்கலாம். மகள் கையெழுத்துப் போடுமுன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து படியுங்கள்.

ஆஃபர் லெட்டர்ல சம்பளம் தவிர என்ன பாக்கணும்?

மொத்தத் தொகையைப் பார்த்து மயங்காமல் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று பாருங்கள். வேலையை விடும்போது கிடைக்கிற பணிக்கொடை அதை வைத்துத்தான். முதல் ஐந்து வருஷத்துக்கு, ஒவ்வொரு வருஷத்துக்கும் 21 நாள் அடிப்படைச் சம்பளம்; அதற்குப் பிறகு வருஷத்துக்கு 30 நாள். அடிப்படை 4,000 திர்ஹம் என்றால் மூன்று வருஷத்துக்கு 8,400. அதே மொத்தச் சம்பளத்தில் அடிப்படையை 2,000 என்று எழுதியிருந்தால் 4,200தான். வருஷத்துக்கு 30 நாள் விடுப்பு, ஆறு மாதத்துக்கு மேற்படாத தகுதிகாண் காலம். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கிப் பூட்டி வைப்பது சட்டவிரோதம். நான் முதலில் சேர்ந்த இடத்தில் "பத்திரமா இருக்கட்டும்" என்று வாங்கி வைத்தார்கள். திருப்பி வாங்க நான் நாலு தரம் கேட்க வேண்டியிருந்தது, நாலாவது தரம் எழுத்தில்.

இன்னொன்று, ஷிப்ட். பல மையங்களில் வேலை நேரம் இரண்டு துண்டு: காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி, மறுபடி சாயங்காலம் நாலரையிலிருந்து எட்டரை. பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தைகள் வருவது சாயங்காலம்தானே. இந்த நடு இடைவெளியை எல்லாரும் திட்டுவார்கள், நானும் திட்டினேன். வீட்டோடு பேச அதைவிட நல்ல நேரம் இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

அரபி தெரியணுமா?

தேர்வுக்குத் தேவையில்லை, வேலைக்குப் பத்து வார்த்தை போதும். "ஃபீ வஜா?" என்றால் வலி இருக்கா. "ஷ்வய் ஷ்வய்" மெள்ள மெள்ள. "கமான்" இன்னொரு தரம். "கலாஸ்" முடிஞ்சுது, நோயாளிகள் நம்மிடம் அதிகம் சொல்வது இதைத்தான். மாற்றுத்திறனாளி என்பதற்கு இங்கே 2017 முதல் அரசு வழக்கு "அஸ்ஹாப் அல் ஹிமம்", மன உறுதி கொண்டவர்கள் என்ற பொருளில். பழைய சொல்லைச் சொல்லி ஒரு தாயிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு.

எதிர்பாராத இடத்தில் தமிழ் கைகொடுக்கும். பெருமூளை வாதம் உள்ள ஆறு வயதுப் பையன் ஒருவன் வருவான். கெண்டைக்கால் தசை இறுகிக் குதிகால் தரையில் பதியாது. தினமும் வீட்டில் நீட்டிப் பிடிக்க வேண்டும், முப்பது நொடி, பிறகு ஸ்பிளின்ட் (காலைச் சரியான நிலையில் பிடிக்கும் பட்டை) போட வேண்டும். தாய்க்கு நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லத் தலையாட்டினார், கால் அப்படியேதான் இருந்தது. வீட்டில் அதைச் செய்கிறவர் யார் என்று கேட்டபோதுதான் வாசலில் பையோடு நின்ற பெண்ணைக் காட்டினார்கள். மட்டக்களப்புக்காரர். "நோகுதெண்டு அழுகிறார் மிஸ், அதால விட்டுட்டன்" என்றார். அவர் கையை என் கைக்கு மேல் வைத்து எவ்வளவு அழுத்தம் என்று காட்டினேன். வலிக்கு முன்னால் நிறுத்துகிற இடம் விரலுக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்துப் பையன் ஸ்டாண்டிங் ஃப்ரேமில் நின்றுகொண்டு தானே எண்ணுகிறான்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு." அவன் தகப்பனாருக்கு அது என்ன பாஷை என்றே தெரியவில்லை.

அன்றிலிருந்து புது நோயாளி வந்தால் நான் முதலில் கேட்பது, வீட்டில் இதைச் செய்யப் போகும் கை யாருடையது என்பதைத்தான்.

ஆம்பிளை பேஷண்டைத் தொடணுமேன்னு வீட்ல கேக்காங்க. என்ன சொல்ல?

இங்கே பல மையங்களில் பெண்களுக்குப் பெண், ஆண்களுக்கு ஆண் என்றே ஒதுக்குவார்கள்; அரபுக் குடும்பங்களே அப்படித்தான் கேட்கும். ஆள் குறைந்தால் மாறும். வேலை கேட்கும்போதே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. வீட்டில் சொல்ல: நர்ஸ் தொடுவதில்லையா?

துபாயா, லண்டனா? எது நல்லது?

எனக்குத் தெரிந்தது துபாய்ப் பக்கம். பிரிட்டனுக்குப் போன தோழிகள் சொன்னதையும் விதியையும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே எச்சிபிசி என்ற சுகாதாரத் தொழில் கவுன்சிலின் பதிவு வேண்டும். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு கேட்டால் மொத்தம் 7, எந்தப் பகுதியிலும் 6.5க்குக் குறையக் கூடாது. பேச்சுப் பயிற்சியாளருக்கு 8, எதிலும் 7.5க்குக் குறையாமல். சம்பளத்தில் வரிப் பிடித்தம் உண்டு, இங்கே இல்லை. ஊருக்கு வர இங்கிருந்து நாலு மணி நேர விமானம். அங்கிருந்து வருவது ஒரு நாள் பயணம்.

ஓர் எச்சரிக்கை. பிசியோ படித்தவர்களிடம் "இப்ப கேர் வொர்க்கரா போ, அப்புறம் மாத்திக்கலாம்" என்று ஆசை காட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பிரிட்டனுக்குக் கேர் வொர்க்கர் (முதியோர், நோயாளிகளைப் பராமரிப்பவர்) விசாவில் புதிதாகப் போகிறவர்கள் குடும்பத்தை அழைத்துப் போவது 2024 மார்ச் 11 முதல் நின்றுபோனது. அந்த வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதே 2025 ஜூலை 22 முதல் நின்றுவிட்டது. பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

அங்க வாட்ஸ்அப் கால் போகாதாமே? அப்போ வீட்டுக்கு எப்படிப் பேச?

மெசேஜும் வாய்ஸ் நோட்டும் போகும், அழைப்பு போகாது. அனுமதி உள்ள செயலிகள் இருக்கின்றன, போட்டிம் பலரும் பயன்படுத்துவது. கிளம்புமுன்பே அம்மா போனில் அதைப் போட்டு, பக்கத்து அறையில் இருந்து நீங்களே கூப்பிட்டுப் பழக்கிவிட்டு வாருங்கள். இணையத் தடையைச் சுற்றிப் போகிற விபிஎன் போடு என்று ரூம்மேட் சொல்வார். அதை வைத்துத் தடையை மீறியது குற்றமென்று ஆனால் அபராதம் ஐந்து லட்சம் திர்ஹமில் தொடங்குகிறது. அம்மா குரலுக்கு அவ்வளவு விலை கொடுக்க வேண்டாம்.

இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். கிளம்புமுன் ரோமிங் போட்டுக்கொண்டால் வங்கி, ஆதார் ஓடிபி எல்லாம் வரும். அது செத்துப்போனால் அம்மாவின் கேஸ் புக்கிங்குக்குக்கூட அலைய வேண்டியிருக்கும்.

தினமும் பேசுதேன், ஆனா "சாப்பிட்டியா"க்கு மேல போகல. என்ன பேசுறது?

இந்தியா நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். இரவு ஷிப்ட் முடிந்து ஒன்பதுக்குக் கூப்பிட்டால் ஊரில் பத்தரை. அம்மா தூக்கக் கலக்கத்தில் "நல்லாருக்கேன்" என்பார், அவ்வளவுதான். நடு இடைவெளியில் கூப்பிடுங்கள். இங்கே இரண்டு மணி, அங்கே மூன்றரை. சாப்பாடு முடிந்து, பூக்காரி வருவதற்கு முன்னால். என் அம்மா அந்த நேரத்தில் அரிசி புடைப்பார். நான் சமைப்பேன். போனை உப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டால் பேச வேண்டிய கட்டாயமே இல்லை. பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு "ஏட்டி, கீழத்தெரு ஆச்சி போயிட்டா தெரியுமா" என்று வரும். அந்த மாதிரிச் செய்தி "வேற என்னம்மா?" என்று கேட்டால் வராது.

பிள்ளைய அம்மாகிட்ட விட்டுட்டுப் போகலாமா?

போகலாமா என்பதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். நான் போனேன். மகளுக்கு அப்போது இரண்டரை வயது, பதினாலு மாதம் ஆச்சியிடம் இருந்தாள். முதல் மாதம் போனைப் பார்த்தாலே ஓடினாள். மூன்றாவது மாதம் நான் கூப்பிட்டால் வருவாள், ஆனால் ஆச்சியை "அம்மா" என்றாள். அதைக் கேட்டுவிட்டு நான் போய் ஒரு பாட்டியின் தோள்பட்டைக்குப் பயிற்சி கொடுத்தேன்.

என்ன உதவியது என்று சொல்கிறேன். சின்னக் குழந்தை போனில் "பேசாது", விளையாடும். காலை இங்கே ஆறரைக்குக் கூப்பிட்டால் அங்கே எட்டு, இட்லி நேரம். நானும் ஒரு தட்டு வைத்துக்கொள்வேன். அவள் ஒரு வாய், நான் ஒரு வாய். வாரம் ஒரு படம் வரைந்து காட்டச் சொல்லாமல், நான் ஒரு மிருகத்தை வரைந்து காட்டி, வால் எப்படி இருக்க வேண்டும் என்று அவளைச் சொல்லச் சொல்வேன். தினமும் அதே நேரம், ஏழெட்டு நிமிஷம், அவள் எழுந்து போனால் முடிந்தது. கூப்பிட்டு இழுத்து உட்காரவைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

அழைத்து வருகிற கணக்கும் தெரிந்திருக்கட்டும். கணவரையும் பிள்ளையையும் ஸ்பான்சர் செய்ய மாத வருமானம் 4,000 திர்ஹம், அல்லது 3,000மும் முதலாளி தரும் தங்குமிடமும் வேண்டும். அட்டெஸ்ட் செய்த சான்றிதழ்கள் தேவை. இரண்டாவது கேள்வியில் சொன்னேனே, அது இதற்குத்தான்.

அம்மாவுக்கு முட்டுவலி. நானே பிசியோ, வீடியோல சொல்லிக்குடுத்தாப் போதாதா?

முட்டுவலிக்குப் போதும், பொறுமை இருந்தால். டவலைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து, முட்டியால் அதைக் கீழே அமுக்கி ஐந்து எண்ணுவதுதான் பயிற்சி. என் அம்மா வீடியோவில் எனக்கு ஒரு வாரம் மின்விசிறியைக் காட்டினார். பிறகு போன் வைக்கிற ஸ்டூலை எங்கே போட வேண்டும் என்று தரையில் சாக்பீஸால் கோடு போடச் சொன்னேன். "செஞ்சியா?" என்று கேட்டால் "செஞ்சேன்" என்றுதான் பதில் வரும். ஆகவே கேட்பதில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே "ம், டவலை எடு" என்று சேர்ந்து செய்துவிடுவோம்.

பக்கவாதம், எலும்பு முறிவு என்றால் போதாது. அப்பா குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனபோது இதை நான் கற்றேன். மூன்று நாள் வீடியோவில் கத்தினேன். பாதம் எப்படி வைக்க வேண்டும், எந்தப் பக்கம் வாக்கர் என்று எல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு 52 கிலோ, அப்பாவுக்கு 78. தூக்குகிற கை இல்லாமல் சொல் மட்டும் போய் என்ன செய்ய? மட்டக்களப்புப் பெண்ணிடம் செய்ததை என் வீட்டில் நான் செய்யவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன், கல்லூரி மாணவன். அவனுக்குக் காலை பத்து நிமிஷம், மாலை பத்து நிமிஷம் என்று கேட்டு, மாதம் ஒரு தொகை பேசி, அப்பாவின் இடுப்பில் அகலமான பெல்ட் கட்டி அதைப் பிடித்து எழுப்பக் கற்றுக்கொடுத்தேன். அக்குளில் கைவைத்துத் தூக்காதே என்பதை மட்டும் இருபது தரம் சொல்லியிருப்பேன். பக்கவாதக் கை என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் தோள்மூட்டே இறங்கிவிடும்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற தெரபிஸ்ட் பிள்ளைகள் பலருக்கு இது தெரியவில்லை, அல்லது தெரிந்தும் "என்னைவிடவா?" என்ற எண்ணம். எனக்கு இருந்தது.

திடீர்னு அப்பாவுக்கு ஏதாவது ஆயிட்டா என்ன செய்ய?

108க்கு இங்கிருந்து அடிக்க முடியாது. அடிக்க ஒரு ஆள் ஊரில் இருக்க வேண்டும். மூன்று பேர் எண்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்: வீட்டுக்குள் சாவி உள்ளவர், வண்டி உள்ளவர், ஆஸ்பத்திரியில் பேசத் தெரிந்தவர். முகம் ஒரு பக்கம் கோணுகிறது, கை விழுகிறது, பேச்சு குழறுகிறது என்றால் காத்திருக்கக் கூடாது. ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசிக்கு நாலரை மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தை டாக்டர் கேட்பார். தினமும் அதே நேரத்துக்குப் பேசுகிறவர்களுக்கு அதற்குப் பதில் தெரியும்.

விடுப்பு பற்றி. தாய் தகப்பன், பிள்ளை, உடன்பிறந்தவர், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை இறந்தால் சம்பளத்தோடு மூன்று நாள். கணவனோ மனைவியோ இறந்தால் ஐந்து நாள். மாமனார் மாமியார் பட்டியலில் இல்லை. மூன்று நாளில் காடாற்றுகூடச் சரியாக முடியாது, மிச்சத்துக்கு வருஷ விடுப்பில்தான் கை வைக்க வேண்டும். ஆகவே ஒரு பத்து நாளை எப்போதும் மிச்சம் வையுங்கள். டிக்கெட் பணத்தைத் தனியே வையுங்கள். தென்காசிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம்தான் கிட்டம். இறங்கி ஆரியங்காவு வழியாகச் செங்கோட்டைக்கு வந்துவிடலாம்.

சம்பளம் பூரா வீட்டுக்கு அனுப்பணுமா? எந்தக் கணக்குல?

எவ்வளவு என்பது உங்கள் வீட்டு விஷயம். ஆனால் முதல் மாதம் அனுப்புகிற தொகைதான் பிறகு வழக்கமாகிவிடும். பார்த்து ஆரம்பியுங்கள். வேலைக்கென்று வெளிநாடு வந்தவுடன் ஊரிலுள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் ஊர் வரவுக்கான கணக்கு) மாற்றிக்கொள்ள வேண்டும். இங்கிருந்து அனுப்புவதற்கு என்ஆர்ஈ கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. அமீரக எண்ணையே அந்தக் கணக்கோடு யுபிஐயில் சேர்க்கிற வசதியும் பல வங்கிகளில் வந்துவிட்டது. அம்மாவின் மருந்துக்கடைக்கு நேரே கட்டிவிடலாம்.

"ஊரான் வீட்டுக் கிழவியை நடக்க வைக்கா, பெத்த தாயி இங்க நொண்டுதா" அப்படீன்னு அத்தை சொல்லுதாங்க. எப்படித் தாங்க?

எனக்கும் சொன்னார்கள், சபையிலேயே. அத்தைகளுக்குப் பதில் கிடையாது. அந்தக் கிழவியை நடக்க வைத்த சம்பளத்தில்தான் அம்மாவுக்கு மேற்கத்தியக் கழிப்பறை, பிடிமானக் கம்பி, வழுக்காத டைல்ஸ் எல்லாம் வந்தன என்று சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு நீ இருந்திருந்தா?" என்றார்.

உண்மையில் குறுகுறுப்பு வருவது அத்தை சொல்லி அல்ல. சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மூதாட்டியின் பாதத்தை மடியில் வைத்துக் கணுக்காலைச் சுழற்றும்போது அவர் என் தலையில் கைவைத்து எதையோ ஓதுவார். அம்மா பாதத்தை நான் அப்படிப் பிடித்துப் பல வருஷம் ஆயிற்று என்பது அப்போது நினைவுக்கு வரும். இப்போதெல்லாம் விடுமுறைக்குப் போனால் முதல் வேலை அதுதான். துணிமணி, சாக்லேட் எல்லாம் பெட்டியிலேயே கிடக்கும்.

திரும்பி வந்தா ஊர்ல இந்த வேலைக்கு மதிப்பு இருக்கா?

சம்பளம் அவ்வளவு இல்லை. வேலைக்குப் பஞ்சமில்லை. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ் வீல்சேரில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வேலூருக்கே திரும்பினார். அங்கே மறுவாழ்வு நிலையம் 1966இல் வந்தது. எங்கள் பக்கத்து ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981 முதல் இருக்கிறது. தொடங்கிய ராமகிருஷ்ணனே கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். இங்கே நாம் கற்றுக்கொண்டு போகிற குழந்தைகள் சிகிச்சை, இருக்கை அமைப்பு, ஸ்பிளின்ட் வேலை எல்லாவற்றுக்கும் அங்கே கை தேவைப்படுகிறது. திரும்புகிற எண்ணம் இருந்தால் ஊர்ப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள், இடையில் விடாதீர்கள்.

கடைசியா ஒண்ணு. வீட்ல கேமரா வச்சா அம்மா அப்பாவை எப்பவும் பாத்துக்கிடலாம்ல?

வைத்தேன். வீட்டுக் கூடத்தில், அவர்களிடம் சொல்லிவிட்டுத்தான். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. பிறகு ஒருநாள் மதியம் திறந்தால் திரை முழுக்க நீலக் கட்டம். அப்பாவின் லுங்கி. "கொடியில எடமில்ல, அதான்" என்றார் அம்மா. மறுநாளும் லுங்கி இருந்தது. மூன்றாம் நாள் நான் கேமராவைப் பற்றிப் பேசவில்லை. மூன்றரைக்குப் போன் பண்ணினேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.